சாப்பிட்டதும் வாந்தி எடுக்கும் மகளுக்கு சிபிடி: இருபது வாரத்தில் என்ன நடக்கும், வீட்டில் என்ன செய்ய வேண்டும்

கேள்வி சுருக்கமாக இது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார். மகளுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாள், மதிய டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருகிறது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அடுக்களையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு பாத்ரூமில் போய் வாந்தி எடுக்கிறாள். ஆறு மாதமாக இப்படி. எடை பெரிதாகக் குறையவில்லை. பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டர் புலிமியா (அள்ளிச் சாப்பிட்டுவிட்டு அதை வெளியேற்றும் உண்ணும் கோளாறு) என்று சொல்லி, சிபிடி செய்யும் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பியிருக்கிறார். "அது அட்வைஸ் பண்றதா? எத்தன நாளு ஆகும்? வீட்ல நாங்க என்ன செய்யணும்? வெள்ளிக்கெழம விரதம் இருக்கா, விடலாமா?"

அட்வைஸ் இல்லை. அட்வைஸ் ஏற்கெனவே வேண்டிய அளவு கிடைத்திருக்கும், அதில் வாந்தி நின்றிருந்தால் நீங்கள் இங்கே கேட்க வேண்டி வந்திருக்காது. சிபிடி (Cognitive Behavioural Therapy) என்பது நினைப்பையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் சிகிச்சை, நேரக் கணக்கு உள்ள வேலை. நோட்டு உண்டு, வாரம் ஒருமுறை எடை பார்ப்பது உண்டு, வீட்டுப்பாடம் உண்டு. அதை விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உடம்பு.

பொட்டாசியம் பார்த்தார்களா? அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கும் பேதி மாத்திரை போடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். அது இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், ஆனால் ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட், சர்க்கரை, ஓர் இசிஜி, படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் எடுத்த பிபி, நாடித்துடிப்பு. இவ்வளவும் முதல் வாரத்திலேயே வேண்டும், வாந்தி தொடரும்வரை டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்பவும் வேண்டும். பொட்டாசியம் 3க்குக் கீழே போனாலோ, விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, தண்ணீர்கூட வேண்டாம் என்றாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ, அடுத்த சிட்டிங் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. இளநீர் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்தால் அதை நோய் இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். உடம்பு ரொம்ப நாள் ஈடுகொடுக்கும், பிறகு சட்டென்று கைவிடும்.

எடை குறையவில்லையே, லேசானதாகத்தானே இருக்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். புலிமியாவில் பெரும்பாலும் எடை சாதாரணமாகத்தான் இருக்கும், அதனால்தான் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகிறது. இந்த நோயை லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் தனியாக விவரித்து எழுதியதே 1979இல்தான். போன தலைமுறைக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எந்த சிகிச்சை முதலில் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எந்த நோய்க்கு எந்த சிகிச்சை என்று பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2017இல் கொடுத்த வழிகாட்டுதல், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனோரெக்சியாவானாலும் (பட்டினி கிடந்து எடை மிகவும் குறையும் கோளாறு) புலிமியாவானாலும் குடும்பத்தை வைத்துச் செய்யும் சிகிச்சையைத்தான் முதலில் சொல்கிறது. அது சரிப்படாத இடத்தில், அல்லது பிள்ளைக்கு அது ஒத்துவராத இடத்தில், சிபிடி. குடும்ப சிகிச்சையில் ஆரம்ப மாதங்களில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்வார்கள். சிபிடியில் பொறுப்பு பிள்ளையிடம் இருக்கும், பெற்றோர் துணை நிற்பார்கள். பதினாறு வயது, எடை பரவாயில்லை, தானே நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறாள் என்றால் சிபிடியில் தொடங்குவது நியாயமான முடிவுதான். கெட்டுப்போவது இரண்டையும் பாதிப் பாதி செய்யும்போது. தெரபிஸ்ட் அவளையே திட்டம் போடச் சொல்லியிருப்பார். வீட்டில் நீங்கள் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக எண்ணிக்கொண்டிருப்பீர்கள். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: சாப்பாட்டுப் பொறுப்பு யாருடையது, அவளுடையதா எங்களுடையதா?

மருந்தைப் பொறுத்தவரை, அது மட்டுமே சிகிச்சை ஆகாது. ஃப்ளூவாக்சிட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சிலருக்குத் துணையாகக் கொடுப்பார்கள், அதை சைக்கியாட்ரிஸ்ட் முடிவு செய்வார். மனச்சோர்வுக்காக வேறு எங்காவது மருந்து எழுத நேர்ந்தால் வாந்தி எடுக்கும் பழக்கத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். புப்ரோபியான் என்ற மருந்து புலிமியா உள்ளவர்களுக்கு வலிப்பைக் கொண்டுவரக்கூடும், அதனால் கூடாது.

இப்போது சிபிடி. இன்று உண்ணும் கோளாறுகளுக்குப் பயன்படும் வடிவத்தை ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கினார், வளரிளம் பருவத்தினருக்கு அதை இத்தாலியில் ரிக்கார்டோ டாலே கிரேவ் தகவமைத்தார். எடை அதிகம் குறையாதவர்களுக்கு ஏறக்குறைய 20 சிட்டிங், 20 வாரம், ஒவ்வொன்றும் 50 நிமிடம். முதல் 4 வாரம் வாரத்துக்கு இரண்டு முறை. பிறகு வாரத்துக்கு ஒன்று. கடைசியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று.

அந்த முதல் நாலு வாரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் அள்ளிச் சாப்பிடுவதும் வாந்தியும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தால் முழுதாகக் குணமாக வாய்ப்பு அதிகம், இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். நம் ஊர்களில் சிகிச்சை படுத்துவிடுவதும் இதே மாதத்தில்தான். கடலூரிலிருந்து பாண்டிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூல் விட்டு, டியூஷன் விட்டுப் போய்வருவது சாதாரண விஷயமில்லை. முதல் வாரம் இரண்டு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, அதற்கடுத்து மாதத்தேர்வு என்று மூன்று வாரம் இடைவெளி. அப்படிச் செய்தால் சிகிச்சை தொடங்கவே இல்லை என்றுதான் அர்த்தம். பரீட்சை இல்லாத ஒரு மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள், அல்லது இரண்டில் ஒன்றை வீடியோ காலில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். எடை பார்க்கிற சிட்டிங் மட்டும் நேரில்.

முதல் சந்திப்பில் தெரபிஸ்டும் உங்கள் மகளும் சேர்ந்து ஒரு பேப்பரில் படம் ஒன்று வரைவார்கள். அவளுடைய சொற்களிலேயே. 'நான் எப்படி இருக்கிறேன் என்பதைவைத்துத்தான் எனக்கு மதிப்பு' என்பது மேலே. அதிலிருந்து கண்டிப்பான சாப்பாட்டு விதிகள். அந்த விதிகளால் நீளும் பட்டினி. பட்டினியால் ராத்திரி அள்ளிச் சாப்பிடுவது, அதனால் வாந்தி, அதனால் வெட்கம், வெட்கத்தால் இன்னும் கண்டிப்பான விதி. அம்புக்குறிகள் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும். ராத்திரி சாப்பிடுவதை ஆசை, கட்டுப்பாடு இல்லாமை என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பீர்கள். பகலெல்லாம் மூச்சை அடக்கியவள் ராத்திரி வாய் திறந்து இழுக்கிறாள், அவ்வளவுதான். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து 24 வாரம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார். உண்ணும் கோளாறு எதுவும் இல்லாத ஆண்கள் அவர்கள். அவர்களுக்கே நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாக இருந்தது, சமையல் குறிப்பு சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு கொள்ளாமல் சாப்பிட்டார்கள். வயிறு காய்ந்தால் மனம் இப்படித்தான் ஆகும், அதற்கு உங்கள் மகளின் குணம் காரணமில்லை.

ஆகவே முதல் வேலை வாந்தியை நிறுத்துவது கிடையாது. பகல் இடைவெளியை அடைப்பது.

அதற்குக் கருவி நோட்டு. சாப்பிட்ட அப்போதே எழுத வேண்டும், ராத்திரி உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினால் பயன் பாதி போய்விடும். நேரம், என்ன சாப்பிட்டது, எங்கே, 'அளவுக்கு மீறிவிட்டேன்' என்று தோன்றினால் ஒரு நட்சத்திரம், வாந்தி என்றால் 'வா', கடைசியில் அப்போது மனதில் ஓடியது. கலோரி எழுதக் கூடாது. ஒரு நாள் பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி:

காலை 7.20. ஒரு இட்லி, சட்னி இல்லாமல். அடுக்களையில் நின்னுக்கிட்டே. அம்மா பாக்குறாங்கன்னு.

1.05. தயிர்சாதம் நாலு வாய். கிளாஸ். என் பாக்ஸ்தான் எல்லாரோடதவிட பெருசு.

5.45. ஒண்ணும் இல்ல. டியூஷன். தலைவலி.

8.30. ஒரு தோசை. இன்னிக்கு நல்ல நாள்.

11.40. மீதி சோறு*, மீன் குழம்பு*, முறுக்கு பாதி டப்பா*, பால் பவுடர் சக்கர போட்டு*. அடுக்களை, லைட் போடல. வா. ஒரு வாய்னுதான் ஆரம்பிச்சேன்.

இந்தப் பக்கத்தைக் காட்டினால் வீட்டில் எல்லார் கண்ணும் 11.40இல்தான் நிற்கும். தெரபிஸ்ட் விரல் வைப்பது 1.05க்கும் 8.30க்கும் நடுவில். ஏழரை மணி நேரம், நடுவில் ஒன்றும் கிடையாது, அதற்கு முன்னாலும் நாலு வாய்தான். 'நல்ல நாள்' என்று அவள் எழுதிய அந்த நாளில்தான் 11.40 உருவானது. இதை வெளியாள் சொன்னால் ஏறாது. இரண்டு வாரப் பக்கங்களை அடுக்கிவைத்து, நட்சத்திரம் இருக்கிற நாள்களில் அதற்கு முந்தின இடைவெளி எவ்வளவு என்று அவளையே எண்ணச் சொன்னால் ஏறும்.

ஒரு கண்டிப்பு: நோட்டை நீங்கள் படிக்கக் கூடாது. தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தீர்கள் என்று தெரிந்த அன்றே அது பொய் நோட்டாகிவிடும். ஸ்கூலில் நோட்டை விரித்து எழுத வெட்கப்பட்டால் போனில் எழுதட்டும், கலோரி காட்டும் ஆப் மட்டும் வேண்டாம்.

அடுத்தது சாப்பாட்டு நேரம். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு அல்லது மூன்று இடைத்தீனி, எந்த இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஸ்கூல் நாளுக்கு ஒரு வார்ப்பு: 7.15க்கு இட்லியோ பொங்கலோ உட்கார்ந்து. 10.40 இன்டர்வெல்லில் ஒரு வாழைப்பழம், நாலு பிஸ்கட் அல்லது ஒரு டப்பா சுண்டல். 1 மணிக்கு மதியம். 4.30க்கு டியூஷனுக்கு பஸ் ஏறும் முன் ஒரு பன்னும் டீயும். 8 மணிக்கு இரவுச் சாப்பாடு. பதினோரு மணி வரை படிக்கிறவள் என்றால் பத்து மணிக்குப் பாலும் ஏதாவது ஒன்றும். முந்தின நாள் ராத்திரியே, நாளைக்கு எப்போது என்ன என்று அவள் எழுதிவைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் என்ன, எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். இட்லி எண்ணிக்கைக்குச் சண்டை போடாதீர்கள். பசி எடுத்தால் சாப்பிடுகிறேன் என்று சொல்வாள், அதை ஒத்துக்கொள்ளக் கூடாது. மாதக்கணக்கில் பட்டினியும் வாந்தியுமாக இருந்த வயிற்றுக்குப் பசியும் நிறைவும் சரியாகத் தெரியாது, கொஞ்ச காலம் கடிகாரம்தான் சொல்ல வேண்டும். ராத்திரி அள்ளிச் சாப்பிட்டு வாந்தி எடுத்துவிட்டாலும் மறுநாள் 7.15 சாப்பாடு உண்டு. எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். நேற்று அவ்வளவு சாப்பிட்டோமே, இன்று காலை வேண்டாம் என்று விட்டால் அடுத்த 11.40க்கு அடிக்கல் நாட்டியாயிற்று.

முழுநாளும் ஒரே நாளில் வராது. பெரும்பாலும் காலைச் சாப்பாட்டைப் பிடிப்பார்கள், அது நிலைத்ததும் இன்டர்வெல் தீனி, பிறகு மாலை. மிகவும் கடினம் அந்த 4.30 தீனிதான். ஆனால் ராத்திரியை மாற்றுவதும் அதுதான், அதனால் எனக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

வாந்திக்குத் தனியாகப் பூட்டு போட வேண்டியதில்லை. பாத்ரூம் கதவைக் கழற்றிய வீடுகளில் பிள்ளைகள் கொல்லைப்புறம் போனார்கள், பாலித்தீன் கவரில் எடுத்தார்கள். அள்ளிச் சாப்பிடுவது குறைந்தால் வாந்தியும் பெரும்பாலும் தானே குறையும். சாப்பிட்ட பிறகு வரும் உந்துதல் அலையாக ஏறி இறங்கும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்கூட்டியே ஏதாவது போட்டுவைக்க வேண்டும்: தம்பியோடு கேரம், தெருமுனை வரை போய்வருவது, தோழிக்குப் போன், தலை பின்னுவது. கையும் வாயும் வேலையாக இருக்கிற காரியம் உதவும், டிவி அவ்வளவாக உதவாது. இன்னொன்றும் அவளுக்குத் தெரிய வேண்டும். வாந்தி எடுத்தாலும் சாப்பிட்டது முழுக்க வெளியே வராது. பேதி மாத்திரை பெருங்குடலில்தான் வேலை செய்கிறது, அதற்கு முன்னாலேயே சிறுகுடல் உணவை உறிஞ்சிக்கொண்டுவிடும். போவது நீர். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்கக் கூடாது, அமிலத்தில் ஊறிய எனாமலை பிரஷ் அரித்துவிடும், தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

எடை பார்ப்பது பலருக்கும் புரியாத பகுதி. எடை நினைப்பிலேயே இருக்கிறவளிடம் ஏன் எடை காட்ட வேண்டும்? நாளுக்கு நாலு தடவை மெஷினில் ஏறுகிறவளும் சரி, பயந்து ஏறவே ஏறாதவளும் சரி, இரண்டு பேருக்கும் உண்மையான எடை என்ன செய்கிறது என்று தெரியாது. ஆகவே வாரத்தில் ஒரே ஒருமுறை, தெரபிஸ்ட் முன்னால், இருவரும் சேர்ந்து பார்த்து ஒரு கிராப்பில் புள்ளி வைப்பார்கள். ஒரு புள்ளியை வைத்து எதுவும் பேசக் கூடாது, நாலு வாரப் புள்ளிகள் சேர்ந்தால்தான் போக்கு தெரியும். உப்பு, தண்ணீர், மாதவிடாய், மலச்சிக்கல் எதுவானாலும் ஒரு கிலோ சாதாரணமாக ஏறி இறங்கும். நேரத்துக்குச் சாப்பிட்டால் ஊதிவிடுவேன் என்பது அவளுடைய கணிப்பு, அதைச் சோதிக்கும் இடம்தான் அந்த கிராப். வீட்டு மெஷினைப் பரணில் ஏற்றிவிடுங்கள். போன் ஆப்பில் வரும் பெரியவர்களுக்கான பிஎம்ஐ கணக்கையும் நம்ப வேண்டாம், இந்த வயதுக்கு வயதுவாரி அட்டவணை வேறு.

முன்னெச்சரிக்கை ஒன்று. வாந்தியும் பேதி மாத்திரையும் திடீரென்று நின்றால் சிலருக்கு உடம்பு நீரைப் பிடித்துக்கொள்ளும், கால், முகம் உப்பும், எடை சட்டென்று ஏறும். சில நாளிலிருந்து இரண்டொரு வாரத்துக்குள் வடியும். கொழுப்பு ஏறிவிட்டது என்று நினைத்து இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். யாராவது நீர் மாத்திரை வாங்கித் தந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். தெரபிஸ்டிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள், மருந்துக்கடையில் கேட்காதீர்கள்.

ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் இரண்டு சிட்டிங் கணக்குப் பார்க்க. என்ன நகர்ந்தது, எது அசையவில்லை, ஏன்? முன்னேற்றம் இல்லை என்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும்: மனச்சோர்வு அழுத்துகிறதா, வீட்டில் வேறு பிரச்சினையா, எழுதுகிற நோட்டு உண்மையா, குடும்ப சிகிச்சைக்கு மாற்றலாமா? இதைக் கேட்காமல் இருபது சிட்டிங்கையும் ஓட்டுகிறவரிடம் காசும் நேரமும் வீண்.

ஏழாவது வாரத்திலிருந்து படத்தின் மேல் பகுதிக்குப் போவார்கள், 'உடம்புதான் என் மதிப்பு' என்பதற்கு. அவளுடைய மதிப்பு எதிலெல்லாம் இருக்கிறது என்று கேட்டு ஒரு வட்டம் வரைந்து துண்டு போடச் சொல்வார்கள். மார்க் கொஞ்சம், தோழிகள் கொஞ்சம், மீதி முக்கால் வட்டம் உடம்பு. ஒன்பதாவதில் விட்ட பரதநாட்டியம், கோயர் பாட்டு, கபடி எல்லாம் அந்த வட்டத்தில் காணாமல் போயிருக்கும். வேலை இரண்டு பக்கமும் நடக்கும். விட்டதில் ஒன்றையாவது வாரம் இரண்டு மணி நேரம் திரும்ப எடுப்பது ஒன்று. உடம்புத் துண்டை ஊட்டி வளர்க்கும் பழக்கங்களைப் பிடிப்பது இன்னொன்று: கண்ணாடியில் வயிற்றைப் பக்கவாட்டில் பார்ப்பது, கையைப் பிடித்து அளப்பது, செல்ஃபியைப் பெரிதாக்கித் தாடையைப் பார்ப்பது, பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு பெண்ணோடும் ஒப்பிடுவது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணச் சொன்னாலே திடுக்கிடுவார்கள். ஒப்பிடுவதற்கு ஒரு பயிற்சி உண்டு. சில்வர் பீச்சிலோ பாண்டி கடற்கரைச் சாலையிலோ உட்கார்ந்து, ஒல்லியாகத் தெரிகிறவர்களை மட்டும் பார்க்காமல், கடந்துபோகிறவர்களில் மூன்றாவதாக வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்க்க வேண்டும். இதுவரை எப்படிப்பட்டவர்களை மட்டும் பொறுக்கிப் பார்த்தோம் என்பது அப்போது தெரியும்.

சாப்பாட்டு விதிகளும் இந்தக் கட்டத்தில்தான் உடையும். தொடாமல் வைத்திருக்கும் பண்டங்களை எழுதி, பயம் குறைந்ததிலிருந்து கூடியது வரை நாலு கூட்டமாகப் பிரிப்பார்கள். நெய் விட்ட பொங்கல் முதல் கூட்டத்தில் இருக்கலாம், பப்ஸும் பரோட்டாவும் கடைசியில். ஒன்றை எடுத்து, சாப்பிடும் முன் கணிப்பை எழுத வேண்டும்: 'ரெண்டு பரோட்டா சாப்பிட்டா நிறுத்த முடியாது, ராத்திரி வாந்தி எடுப்பேன், 80 சதவீதம் நிச்சயம்.' நல்ல மனநிலையில் இருக்கும் நாளாகப் பார்த்து, மாலைத் தீனியைத் தவறவிடாத நாளாகப் பார்த்து, வீட்டாரோடு சேர்ந்து சாப்பிட வேண்டும். பிறகு நடந்ததை எழுத வேண்டும். பட்டினி கிடந்த வயிற்றோடு இந்தச் சோதனையைச் செய்தால் கணிப்பு பலித்துவிடும், பயம் இன்னும் இறுகும். அவசரப்படும் தெரபிஸ்டுகள் கெடுக்கும் இடம் இது. ஒருதடவை போதாது, அது சாதாரணப் பண்டமாகும்வரை திரும்பத் திரும்ப.

வீட்டாருக்கு. பெற்றோரைத் தனியாக ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு சில சிட்டிங்குகளின் கடைசியில் 15, 20 நிமிடம் எல்லாரையும் சேர்த்துப் பேசுவார்கள். அப்பாவும் வர வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள். 'இன்னும் ஒரு வாய் சாப்புடு கண்ணு' என்பதும் அழுத்தம்தான். உடம்பைப் பற்றி நல்லதாகவும் சொல்லாதீர்கள். 'மூஞ்சி இப்பதான் தெளிஞ்சிருக்கு' என்று நீங்கள் சந்தோஷமாகச் சொன்னால் அவள் காதில் 'குண்டாயிட்ட' என்று விழும். கல்யாண வீட்டில் 'என்னாடி எளச்சிட்ட' என்று கேட்கும் அத்தையிடம் முன்னாலேயே போனில் சொல்லிவையுங்கள். நீங்களே டயட்டில் இருந்தால் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். ராத்திரி முறுக்கு டப்பா காலியானால் விசாரணை வேண்டாம், ஆனால் மறுநாளே இன்னொரு பெரிய டப்பாவை நிரப்பி வைக்கவும் வேண்டாம். முதல் சில வாரம் அவளே எதை வீட்டில் வைக்க வேண்டாம் என்கிறாளோ அதைக் கொஞ்சமாக வாங்குங்கள்.

விரதம். சிகிச்சை முடியும்வரை வேண்டாம், இதில் சமரசம் கிடையாது. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க வெறும் வயிறு என்றால் வெள்ளி ராத்திரி என்ன ஆகும் என்று அவள் நோட்டிலேயே இருக்கும். சைவமாகச் சாப்பிட்டுக் கோயிலுக்குப் போகட்டும், விளக்குப் போடட்டும், பாடலீஸ்வரர் சந்நிதியில் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கப்போவதில்லை. பாண்டியில் கத்தோலிக்கக் குடும்பங்களும் தவக்காலத்தில் இதே கேள்வியைக் கேட்பார்கள். திருச்சபையின் நோன்புக் கடமை பதினெட்டு வயது முடிந்தவர்களுக்குத்தான், நோயாளிக்கு விலக்கும் உண்டு. ரமலான் நோன்பிலும் நோயுற்றவருக்கு விலக்கு உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: விரதமும் திடீர் சைவமும் டயட் தொடங்கிய அதே மாதத்தில் வந்தனவா? அப்படியென்றால் பக்தியைவிடச் சாப்பாட்டு விதியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதுவரை சொன்னது எடை பரவாயில்லாத பிள்ளைக்கு. எடை நன்றாகக் குறைந்த அனோரெக்சியா என்றால் 40 சிட்டிங் வரை போகும், வாரத்துக்கு அரை கிலோ அளவில் எடையை ஏற்றுவது சிகிச்சையின் நடுத்தண்டு. பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்கு வீட்டில் திடீரென்று நிறைய ஊட்டினால் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதை ஆஸ்பத்திரியில்தான் தொடங்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் இன்னொரு சிக்கல்: 'குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு' என்று சிலர் சொல்லவே மாட்டார்கள். 'ரெண்டு வாய்லயே வயிறு நெறஞ்சிடுது', 'கொமட்டுது' என்பார்கள். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று மாதங்கள் போகும். குறைவாகச் சாப்பிடும் வயிறு உண்மையிலேயே மெதுவாகத்தான் காலியாகும், ஆகவே அவர்கள் பொய் சொல்லவில்லை. திரும்ப ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் அதற்கும் மருந்து.

எங்கே போவது? பாண்டிச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். தனியார் தெரபிஸ்ட் என்றால் கேட்க வேண்டியவை: தினசரி சாப்பாட்டுப் பதிவு உண்டா, வாராந்திர எடை உண்டா, முதல் மாதம் வாரம் இருமுறை பார்ப்பீர்களா, ரத்தப் பரிசோதனைக்கு எந்த டாக்டரோடு தொடர்பில் இருப்பீர்கள்? மூச்சுப் பயிற்சியும் மனம்விட்டுப் பேசுவதும் மட்டும்தான் என்றால் அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அது இந்த நோய்க்கான சிபிடி இல்லை.

கடைசி மூன்று சிட்டிங், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, பழையபடி ஆகாமல் பார்த்துக்கொள்வதற்கு. அவள் கையாலேயே ஒரு பக்கத் திட்டம் எழுதுவாள்: எந்த அறிகுறி வந்தால் உஷாராக வேண்டும், அன்றே என்ன செய்ய வேண்டும். ஒரு ராத்திரி சறுக்கினால் அது சறுக்கல் மட்டும்தான், அடுத்த வேளை சாப்பாட்டை விடாமல் இருந்தால் பெரும்பாலும் அதோடு முடியும். 20 வாரம் கழித்து ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். திட்டத்தில் பிளஸ் டூ பப்ளிக் பரீட்சை மாதத்தையும் அதற்கப்புறம் வரும் காலேஜ் ஹாஸ்டலையும் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். அட்மிஷன் அன்றே மெஸ் நேரத்தை விசாரியுங்கள். ராத்திரி 7.30க்கு மூடி மறுநாள் காலை 8க்குத் திறக்கிற மெஸ் என்றால், அவள் பெட்டியில் பால் பவுடரும் பொட்டுக்கடலையும் பிஸ்கட்டும் இருக்க வேண்டும், பத்து மணிக்கு எடுத்துச் சாப்பிட.